சென்ட்ரலுக்கு மேலே ஒரு களம்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் திருவான்மியூர் வீட்டில் என் மகள் கைபேசியும் கையுமாகக் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தாள். அவளும் அவளோடு வேலை பார்க்கும் பெண்களும் சேர்ந்து கடற்கரையில் கூடாரம் போட்டு இரண்டு நாள் தங்கப் போகிறார்களாம். சென்னைக்குப் பக்கத்தில் நல்ல இடம் எது என்று ஒரு வாரமாகத் தேடல். கோவளம் தாண்டி ஒன்று, மாமல்லபுரம் தாண்டி ஒன்று, பழவேற்காட்டுப் பக்கம் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் படம், நட்சத்திரம், போய்வந்தவர்களின் பாராட்டு, வசவு எல்லாம் இருக்கின்றன. நானும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். பூசணிப் பழங்களை வரிசையாக அடுக்கி வைத்தது மாதிரி மணலில் ஆரஞ்சு நிறக் கூடாரங்கள். உள்ளே மெத்தை, மின்விசிறி. வெளியே கோழி சுட்டுத் தர ஒரு ஆள். கூடாரம் என்றால் கையில் ஒரு கொப்புளமாவது வர வேண்டாமா என்று கேட்டேன். யாரும் காதில் வாங்கவில்லை.

ஒரு இடத்துக்குத் தொலைபேசியில் பேசினாள். எதிர்முனையில் மரியாதையான குரல்தான். எல்லாம் பேசி முடித்தபின் அந்தக் குரல் கேட்டது: "லேடீஸ் மட்டுமா மேடம்? கூட ஜென்ட்ஸ் யாராச்சும் வருவாங்களா?"

"இல்லை" என்றாள் மகள்.

"அப்ப ஓனர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன் மேடம்."

நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, அந்தக் கேள்விக்கு முடிகூட நரைக்கவில்லை. 'மேடம்' என்று ஒரு வார்த்தை மட்டும் புதிதாக ஒட்டியிருக்கிறது.

உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும், அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு மூக்கில் ஏலக்காய் வாசனை அடித்தது. பாயசத்தில் வரும் நாகரிகமான வாசனை இல்லை. லாரித் தார்ப்பாயில் வருஷக்கணக்காக ஊறி, மழையில் நனைந்து, வெயிலில் வெந்து, டீசலோடும் எலிப்புழுக்கையோடும் கலந்துபோன ஏலக்காய் வாசனை. போடிநாயக்கனூரில் வாழ்ந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அந்த ஊரில் எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு வீட்டு வாசலில் பெண்கள் முறத்தை வைத்துக்கொண்டு காய் பொறுக்கிக்கொண்டிருப்பார்கள். பஸ் டிக்கெட்டில், கோயில் திருநீற்றில், பள்ளிக்கூடச் சாக்பீஸில்கூட அந்த வாசனை உண்டு என்று நான் சத்தியம் செய்வேன்.

எழுபதுகளின் கடைசியில் அங்கே ஒரு பெண்கள் பள்ளியில் எனக்கு வேலை கிடைத்தது. உடற்கல்வி ஆசிரியை. முன்னால் 'பி.டி. டீச்சர்' என்பார்கள், முதுகுக்குப் பின்னால் 'விசில் டீச்சர்'. எனக்கு ஊர் ராசிங்காபுரம். தோட்டமும் கிணறும் உள்ள குடியானவர் வீடு. அங்கிருந்து ஒரு பெண் வெள்ளைக் கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு வேலைக்குப் போவதே ஊருக்கு ஒரு வேடிக்கைதான். காலையில் பஸ்சுக்கு நிற்கும்போது என் முகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள், காலைத்தான் பார்ப்பார்கள். எங்கள் அண்ணன் அந்த ஷூவை ஒருமுறைகூடப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. "அந்தச் சனியனைக் கழட்டி வெளிய போட்டுட்டு உள்ள வா" என்பார்.

எங்கள் பள்ளியிலும் சாரணியர் படை இருந்தது. இருந்தது என்றால், சீருடை இருந்தது. சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் பிள்ளைகள் கழுத்தில் துண்டு கட்டி, கொடிக்கம்பத்தைச் சுற்றி நடந்து, மிட்டாய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்தேன், முடிச்சுப் போட எதுவும் இல்லை. அடுப்பு மூட்டக் கற்றுக்கொடுத்தேன், அது அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் ஊரில் பையன்கள் பள்ளிச் சாரணர்கள் வருஷத்துக்கு இரண்டு தடவை ஒரு டிராக்டரில் அண்டா குண்டாவெல்லாம் ஏற்றிக்கொண்டு, மேளம் தட்டிக்கொண்டு, குரங்கணிக்கு முகாம் போவார்கள். டிராக்டர் எங்கள் பள்ளி வாசல் வழியாகத்தான் போகும். எங்கள் பிள்ளைகள் சுற்றுச்சுவரில் முகவாயை வைத்துக்கொண்டு பார்ப்பார்கள்.

அன்னக்கொடி என்று ஒரு பிள்ளை. ஒன்பதாம் வகுப்பு. குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் அவள் அம்மாவுக்கு வேலை. இவள் போடியில் விடுதியில் தங்கிப் படித்தாள். ஒரு தடவை டிராக்டர் புழுதி அடங்கியதும் அவள் சுவரை விட்டு நேராக என்னிடம் வந்தாள்.

"டீச்சர், அவங்க போறது எங்க ஊருக்கு. எங்க ஊரப் பாக்க அவங்க மேளம் கொட்டிப் போறாங்க. நாங்க சுவர்ல நின்னு பாக்கணுமா?"

 விசிலை ஊதி வகுப்பைக் கலைத்துவிட்டு, நேராகத் தலைமையாசிரியை அறைக்குப் போனேன்.

அவரைப் பிள்ளைகளும் நாங்களும் 'பெரிய டீச்சர்' என்போம். கல்யாணம் ஆகாதவர். கஞ்சி போட்ட சேலை, கறுப்புக் குடை, இரண்டு முழங்காலிலும் வலி. அவர் வராந்தாவில் நடந்தால் சேலை மொடமொடக்கும் சத்தம் முதலில் வரும், அவர் பின்னால் வருவார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"கூட ஆம்பளை யாரு வர்றா?"

"யாரும் இல்ல டீச்சர்."

"எடம் பாத்துட்டு வா. தண்ணி கிட்டத்துல இருக்கணும். ஆனைத் தடம் இருக்கக் கூடாது. பொம்பளைக நடமாட்டம் இருக்கணும், ஆம்பளைக நடமாட்டம் இருக்கக் கூடாது. அப்படி எடம் அமைஞ்சாப் பாப்போம்."

எங்கள் பக்கத்தில் 'பாப்போம்' என்பது 'மாட்டோம்' என்பதற்கு மரியாதைச் சொல். அதிலும் அவர் சொன்ன லட்சணங்கள் கொண்ட இடம் தேவலோகத்திலாவது உண்டா என்பது சந்தேகம். ஆனால் எனக்கு ஒரு கெட்ட குணம். ஒன்று நடக்காது என்று யாராவது புன்னகையோடு சொன்னால், பிறகு எனக்குச் சோறு இறங்காது.

ஞாயிற்றுக்கிழமைகளில் இடம் தேடக் கிளம்பினேன். முதலில் பொட்டிபுரத்துப் பக்கம். தெரிந்தவர்கள் தோட்டம் இருந்தது, மலையடி, திறந்த வெளி. மாலையில் அங்கே நின்றால் மலை ஊதா நிறமாகி மனசு அப்படியே நின்றுவிடும். ஆனால் மொட்டைப் பாறையும் வேலிக்காத்தான் முள்ளும்தான். தண்ணீர் வேண்டுமென்றால் வெகுதூரம் வந்து ஒரு கிணற்றில் இறைக்க வேண்டும். அழகைக் குடித்துப் பிள்ளைகள் உயிர் வாழ முடியாதே என்று திரும்பிவிட்டேன், உள்ளங்காலில் ஒரு முள்ளோடு.

அடுத்தது, குரங்கணிப் பக்கம் கொட்டகுடி ஆற்றங்கரையில் பையன்கள் முகாமிடும் அதே மாந்தோப்பு. தோப்புக்காரர் நல்ல மனுஷன், "தாராளமா வாங்கத்தா" என்றார். நான் தண்ணீரில் இறங்கி ஆழம் பார்த்துக்கொண்டிருந்தபோதே கரையில் ஆட்கள் சேர ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு பொம்பளை ஷூவோடு ஆற்றில் நிற்கிறாள் என்றால் வேறென்ன வேலை இருக்க முடியும் அவர்களுக்கு? பீடி பற்றவைத்து வசதியாக உட்கார்ந்துகொண்டார்கள். ஒருத்திக்கே இப்படியென்றால் ஒரு படைக்கு முழு ஊரும் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்துவிடும். பெரிய டீச்சரின் லட்சணங்களில் உள்ள நியாயம் அப்போதுதான் புரிந்தது. கோபமாகத்தான் புரிந்தது.

பிறகு ஒரு எஸ்டேட் பங்களாவின் புல்வெளியைக் கேட்டுப் பார்த்தேன். மேனேஜர் தேநீர் கொடுத்தார், பிஸ்கட் கொடுத்தார், புல்வெளியைக் கொடுக்கவில்லை. "பசங்கன்னா யோசிக்கவே மாட்டேன் டீச்சர். இது லேடீஸ்" என்றார், ஏதோ கண்ணாடிச் சாமானைப் பற்றிச் சொல்வதுபோல.

அன்னக்கொடியின் அம்மா பாக்கியத்தை அப்போதுதான் பார்த்தேன். மகளைப் பார்க்க விடுதிக்கு வந்திருந்தார். ஒல்லியான உடம்பு, தலையில் சும்மாடு கட்டிய அடையாளம் நெற்றியில் கோடாக இருக்கும். நான் இடம் தேடி அலைவதை மகள் சொல்லியிருக்கிறாள்.

"எங்க சென்ட்ரலுக்கு மேல ஒரு களம் கெடக்கு டீச்சர். நெரந்த எடம். நல்ல வெள்ளம் உண்டு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வெள்ளமா? வெள்ளம் வர்ற எடத்துலயா பிள்ளைகளக் கொண்டுபோய்த் தங்க வைக்கிறது?"

அன்னக்கொடி விழுந்து விழுந்து சிரித்தாள். மலையில் மலையாளமும் தமிழும் ஒரே பானையில்தான் வேகும். அவர்களுக்கு வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர்.

சென்ட்ரல் என்றதும் சென்னை ரயில் நிலையத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். வெள்ளைக்காரன் காலத்தில் மலையுச்சியிலிருந்து தேயிலைப் பெட்டிகளைக் கம்பிவடத்தில் கோர்த்துக் கீழே இறக்கியிருக்கிறார்கள். அந்தக் கம்பிவடத்துக்கு மேலே ஒரு நிலையம், கீழே ஒரு நிலையம், நடுவில் ஒன்று. வடம் போய்விட்டது, நடுவில் இருந்த சிற்றூருக்குச் 'சென்ட்ரல்' என்ற பெயர் மட்டும் நின்றுவிட்டது. எங்கள் சென்ட்ரலில் ரயில் வராது, கழுதைதான் வரும், காப்பிக்கொட்டை மூட்டையோடு.

அடுத்த ஞாயிறு பாக்கியத்தோடு ஏறினேன். குரங்கணியோடு ஜீப்பு நின்றுவிடும். அதற்கு மேல் கழுதைப் பாதை. உடற்கல்வி படித்தவள் என்ற பெருமையோடு முன்னால் நடந்தேன். கொஞ்ச நேரத்தில் பின்னால் நடந்தேன். அப்புறம் உட்கார்ந்துவிட்டேன். பாக்கியம் நின்று, மடியிலிருந்து ஒரு நெல்லிக்காய் எடுத்துக் கொடுத்தார்.

சென்ட்ரலைத் தாண்டி, காப்பிச் செடிகளுக்கு நடுவே கொஞ்சம் ஏறினால் திடீரென்று வானம் திறக்கும். பழைய சரக்குக் கிட்டங்கி இருந்த இடம், அஸ்திவாரக் கற்கள் மட்டும் பதிந்த சமதரை. முன்னால் பார்த்தால் போடி, தேவாரம், வயல்கள், வெகுதூரத்தில் தகடு மாதிரி ஒரு கண்மாய். பின்னால் சோலைக்காடு. ஓரமாகப் பாறையிடுக்கில் ஊற்று. கையை வைத்தால் விரல் மரத்துப்போகும். ஏலத்தோட்டத்துப் பெண்கள் மத்தியானக் கஞ்சி குடிக்க வரும் இடம் அது. ஆம்பளைகள் வருவதில்லை, அவர்களுக்குக் கீழே டீக்கடை இருந்தது. யானை அடுத்த மலைமடிப்பில்தான் இறங்கும் என்றார் பாக்கியம். நான் நின்ற இடத்திலேயே நின்று பெரிய டீச்சர் சொன்ன ஒவ்வொரு லட்சணத்தையும் மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். எல்லாம் இருந்தது. எனக்குச் சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது, சிரித்தேன். பாக்கியம் என்னைப் பயத்தோடு பார்த்தார்.

கீழே இறங்கியதும் முதல் வேலையாகக் கிராமத்துக் கணக்குப்பிள்ளையிடம் போய்க் கேட்டேன். களம் எந்த எஸ்டேட்டுக்கும் சேராது, புறம்போக்கு என்றார். பெரிய டீச்சரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடியும் கழற்றித் துடைத்தார். "பாப்போம்னு சொன்னேன்ல... சரி, போ" என்றார். வாக்குத் தவறாதவர்.

பிள்ளைகளைச் சேர்ப்பதுதான் பெரும்பாடு. வீடுவீடாக ஏறி இறங்கினேன். அநேகமாக எல்லா வீட்டிலும் காப்பி கிடைத்தது. சில வீடுகளில்தான் பிள்ளை கிடைத்தது. கூடாரத்துக்குத் துணி இல்லை. லாரி வைத்திருந்த ஒரு அப்பாவிடம் போய்த் தார்ப்பாய் கேட்டேன். அவர் மகளும் என் படையில் இருந்தாள். அவர் சொன்னார்: "தார்ப்பாயக் கொண்டுபோங்க டீச்சர். எத்தன வேணும்னாலும் கொண்டுபோங்க. எம் மக மட்டும் வேணாம்." அப்படித்தான் ஏலக்காய் நாறும் அந்தத் தார்ப்பாய்கள் எங்களுக்கு வந்து சேர்ந்தன. அந்தப் பெண்ணோ சுவரோரம் நின்று அப்பாவின் தார்ப்பாய் மலைக்குப் போவதைப் பார்த்தாள்.

எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அண்ணன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "நம்ம வீட்டுப் பொம்பளப்பிள்ள மலையில கூடாரம் போட்டுப் படுத்தான்னா, நாளைக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்?"

"வர்றவன் வரட்டும்ணே. வராதவன் வராமலே இருக்கட்டும்."

 மறுநாள் நான் கிளம்பும்போது என் பையில் அம்மா வைத்த ஒரு தூக்கு நிறையப் பொரிவிளங்காய் உருண்டை இருந்தது. கடித்தால் பல் போகும். எங்கள் வீட்டுப் பெண்களின் ஆதரவு அப்படித்தான் இருக்கும், மெதுவாக இருக்காது.

அந்த டிசம்பரில் ஏறினோம். மேளம் இல்லை, டிராக்டர் இல்லை. குரங்கணி பஸ்சில் வந்து இறங்கி, தார்ப்பாயைச் சுருட்டி மூங்கிலில் கட்டிப் பாடைபோலத் தூக்கிக்கொண்டு ஏறினோம். வழியில் ஒரு கழுதைக்காரர், "என்ன பிள்ளைகளா, பொணமா?" என்று கேட்டார். "ஆமா மாமா, பயம் செத்துப்போச்சு, பொதைக்கப் போறோம்" என்றாள் அன்னக்கொடி. அப்படிப் பேசக்கூடிய பிள்ளையா அவள்! ஊரில் விடுதி வராந்தாவில் சுவரோடு ஒட்டி நடப்பாள். மலையில் கால் வைத்ததும் அவளுக்கு அரையடி உயரம் கூடிவிட்டது.

களத்தில் கூடாரம் எழுந்தபோது என் பிள்ளைகளின் கையிலெல்லாம் கொப்புளம். போட்டுப் போட்டு அவிழ்த்த முடிச்சுகளுக்கு முதல்முறையாக வேலை வந்தது. காற்று பிடித்து இழுக்க இழுக்கத் தார்ப்பாய் படபடத்தது, முடிச்சு நழுவவில்லை. சாயங்காலம் பனி கீழேயிருந்து ஏறி வந்து எங்கள் காலடியில் நின்றது. போடி தெரியவில்லை. பள்ளிச் சுவர் தெரியவில்லை.  பிள்ளைகளில் ஒருத்தி கையைக் கோத்துக்கொண்டு, "டீச்சர், இங்க கத்தலாமா?" என்று கேட்டாள். கத்தலாம் என்றேன். கத்தினார்கள் பாருங்கள்! எதிர்மலை திருப்பிக் கத்தியது.

கத்தியது எஸ்டேட்டுக்கும் கேட்டிருக்கிறது. மறுநாள் காலை, பிஸ்கட் கொடுத்த அதே மேனேஜர் இரண்டு காவலாட்களோடு வந்து நின்றார். பாக்கியம் வேலை பார்த்த ஏலத்தோட்டம் அவர் பொறுப்பில்தான், பக்கத்துச் சரிவு வரைக்கும் இருந்தது. நல்லவேளை, பிஸ்கட் இல்லை.

"யாரைக் கேட்டு இங்க கூடாரம் போட்டீங்க?"

"கணக்குப்பிள்ளையக் கேட்டுத்தான் சார். இது பொறம்போக்கு."

"பொம்பளப் பிள்ளைகளுக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன்."

"நீங்க யாரு?"

"பி.டி. டீச்சர்."

சொல்லும்போது குரல் கொஞ்சம் கீச்சென்று போய்விட்டது, அதை ஒத்துக்கொள்கிறேன். அதற்குள் காய் எடுக்கப் போகும் பெண்கள் பாதையில் வந்து நின்றுவிட்டார்கள். மேனேஜரின் கண் அவர்களுக்கு நடுவே நின்ற பாக்கியத்தின் மேல் விழுந்தது.

"நீதான எடத்தக் காட்டிக் குடுத்த? நாளையிலருந்து வேலைக்கு வராத."

 என்னை என்ன செய்திருந்தாலும் தாங்கியிருப்பேன். பாக்கியத்துக்கு அந்த வேலைதான் சோறு, எஸ்டேட் கொடுத்த அந்த லயத்து அறைதான் வீடு. நான் வாயைத் திறக்குமுன் பாக்கியம் பேசினார், மெதுவாகத்தான்.

"எம் மக படுக்குற எடத்த நாங் காட்டாம வேற யாரு காட்டுவா?"

மேனேஜர் அதோடு விடவில்லை. பிள்ளைகளை உடனே அழைத்துப் போகச் சொல்லிப் பெரிய டீச்சருக்கே ஆள் அனுப்பினார். கூடாரத்தைப் பிரிக்கலாமா என்று ஒரு பிள்ளை கேட்டாள். "பெரிய டீச்சர் வந்து பிரிக்கச் சொன்னாப் பிரிப்போம். அது வரைக்கும் எவன் சொன்னாலும் முடிச்ச அவுக்கக் கூடாது" என்றேன். அதைச் சொல்லிவிட்டு ஊற்றுப் பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டே கொஞ்சம் அழுதேன். தண்ணீர் ஜில்லென்று இருந்ததால் வெளியே தெரியவில்லை.

பிற்பகலில் கீழே பாதை வளைவில் ஒரு கறுப்புக் குடை தெரிந்தது. மறைந்தது. அடுத்த வளைவில் தெரிந்தது.  முழங்கால் வலியோடு, கஞ்சிச் சேலை முழுக்க ஒட்டுப்புல்லோடு, பெரிய டீச்சர் ஏறி வந்துகொண்டிருந்தார். அவர் வருவது தெரிந்து மேனேஜரும் மேலேயிருந்து இறங்கி வந்தார். முகத்தில் ஒரு நிம்மதி அவருக்கு.

பெரிய டீச்சர் யாரையும் பார்க்கவில்லை. ஒரு அஸ்திவாரக் கல்லில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். குடித்தார். கூடாரத்தைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், குடையை மடக்கினார்.

"நீங்களே வந்துட்டீங்க, நல்லதாப் போச்சும்மா" என்றார் மேனேஜர். "ஆம்பளத் தொணை இல்லாம இப்படி..."

பெரிய டீச்சர் என் பக்கம் திரும்பினார். "ராத்திரிச் சோத்துக்கு என்ன வச்சிருக்க?"

எனக்கு விளங்கவில்லை. "அரிசிம்பருப்பு டீச்சர்."

"எனக்கும் சேத்துப் போடு." பிறகு மேனேஜரிடம் சொன்னார், பள்ளி வராந்தாவில் பேசும் அதே குரலில்: "ஆம்பளத் தொணை இல்லைங்கிறதுதான உங்க கவலை? அந்தா அந்தப் பாறையில ஒக்காந்துக்கிருங்க. பிள்ளைக சாப்பிட்டு மிஞ்சினாக் குடுத்துவிடச் சொல்றேன்."

பிள்ளைகள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்கும் எதிர்மலை பதில் சொன்னது. மேனேஜர் பாறையில் உட்காரவில்லை. வந்த வழியே போனார்.

பெரிய டீச்சர் ஏன் மனசு மாறினார் என்று கேட்கத் தைரியம் வர எனக்கு அன்று சாயங்காலம் வரை ஆயிற்று. முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "உங்களக் கூட்டிட்டுப் போகத்தான் கெளம்பி வந்தேன். குரங்கணிக்கு வர்ற வழியெல்லாம் அந்த ஜீப்பு டிரைவரு சொல்லிக்கிட்டே வர்றான், 'பொம்பளைகளுக்கு எதுக்கும்மா இந்தச் சோலி'ன்னு. மொதத் தடவ ஆமான்னேன். ரெண்டாந் தடவ சும்மா இருந்தேன். அவன் விடல. எறங்குறப்ப எனக்குக் கோவம் வந்துருச்சு." தைலப்புட்டியை மூடிவிட்டு, "அப்புறம் இந்த ஏத்தத்துல ஏற ஏறக் கோவம் கூடிக்கிட்டே போச்சு" என்றார். பெரிய தத்துவமெல்லாம் இல்லை. ஒரு டிரைவரும் ஒரு ஏற்றமும்தான்.

பாக்கியத்தை மேனேஜர் சொன்னபடியே நிறுத்தினார். ஆனால் அது காய் எடுப்பு மும்முரமான நேரம். மறுநாள் லயத்துப் பெண்கள் யாரும் காய் பறிக்க இடுப்பில் சாக்குக் கட்டவில்லை. அதற்கடுத்த நாளும் கட்டவில்லை. கூட்டம் போடவில்லை, கோஷம் போடவில்லை. கட்டன் சாயா போட்டுக் குடித்துக்கொண்டு, துணி துவைத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் பேன் பார்த்துக்கொண்டு இருந்தார்களாம். ஏலக்காய்க்கு மனுஷனைப் போலப் பிடிவாதம் கிடையாது. பறிக்காவிட்டால் பழுக்கும், பழுத்தால் வெடிக்கும், வெடித்தால் சந்தையில் மதிப்பில்லை. கடைசியில் கங்காணி லயத்து வாசலில் வந்து நின்று, "வெரசா கெளம்புங்கத்தா... பாக்கியத்தையும் கூட்டிக்கிட்டு வாங்க" என்று எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாராம். விடுமுறை முடிந்து வந்த அன்னக்கொடி சுற்றுச்சுவரில் ஏறி உட்கார்ந்துகொண்டு எனக்கு இதையெல்லாம் நடித்துக் காட்டினாள். நான் இறங்கச் சொல்லவில்லை.

என் சங்கதியும் கேளுங்கள். சின்னமனூரிலிருந்து பேசிக்கொண்டிருந்த ஒரு சம்பந்தம், 'மலையில படுத்த பொண்ணு' என்று சொல்லி விலகிக்கொண்டது. அண்ணன் பல மாசம் என்னோடு பேசவில்லை. பேச்சு இல்லாததால் வீடு அமைதியாக இருந்தது, நானும் நன்றாகத் தூங்கினேன். பின்னாளில் என்னைக் கட்டிக்கொண்டவர், பெண் பார்க்க வந்த அன்று தயங்கித் தயங்கிக் கேட்ட முதல் கேள்வி: "அந்த எடத்துல தண்ணி எப்படிங்க?" அப்போதே எனக்குச் சம்மதம்.

அதன்பின் எண்பதுகளில் நான் மாற்றலாகும் வரைக்கும் வருஷந்தவறாமல் ஏறினோம். லாரிக்காரர் இரண்டாம் வருஷம் தார்ப்பாயையும் மகளையும் சேர்த்தே அனுப்பினார். பெரிய டீச்சர் முழங்காலைத் திட்டிக்கொண்டே இன்னும் இரண்டு தடவை வந்தார். லயத்துப் பெண்கள் சாயங்காலம் வேலை முடிந்து களத்துக்கு வந்து எங்களோடு உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். அவர்கள் பாட, எங்கள் பிள்ளைகள் தாளம் தட்ட, அப்புறம் எங்கள் பிள்ளைகள் கோ-கோ சொல்லிக்கொடுக்க, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பாக்கியம் ஓடிய ஓட்டத்தை நான் எந்த மைதானத்திலும் பார்த்ததில்லை.

நான் போன பிறகு முகாம் நின்றது. புதிதாக வந்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் யாராவது 'பாப்போம்' என்று சொல்லியிருப்பார்கள். பெரிய டீச்சர் இறந்துபோனார். பாக்கியமும் போய்விட்டார். இப்போது காட்டுக்குள் அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது என்கிறார்கள். காட்டுத்தீயெல்லாம் வந்தபின் அதிலும் நியாயம் இருக்கிறது. அன்னக்கொடி தேனியில் செவிலியாக இருந்து ஓய்வுபெற்றுவிட்டாள். இந்தப் பொங்கலுக்குச் சொந்தக்காரர்களோடு சென்ட்ரல் வரை போயிருந்தாளாம். அங்கிருந்து வந்ததும் தொலைபேசியில் என்னிடம் பேசினாள்.

"களம் இல்ல டீச்சர். லயத்துல ஓடுகூட இல்ல, சுவருதான் நிக்கிது. ஏலச்செடி எடுத்துட்டு வேற என்னமோ வச்சாக, அதுவும் பட்டுப்போச்சு. நம்ம எடத்துல உண்ணிப்புதரு ஆள் உசரத்துக்கு நிக்கிது. பாதையே தெரியல. ஊத்து மட்டும் சத்தம் கேட்டுச்சு, கிட்டப் போக முடியல."

"வேலி கிலி போட்ருக்காகளா? பூட்டு, பலகை ஏதாச்சும்?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல டீச்சர். காடுதான்."

அப்படியென்றால் சரி. காடு கொடுத்த இடத்தைக் காடு திரும்ப எடுத்துக்கொண்டது. எந்த மனுஷன் சொல்லியும் நாங்கள் அந்த இடத்தை விட்டு இறங்கவில்லை.